லேபிள் இல்லாத நீலக் கேன்

பேய்க் கதை என்றதும் அமாவாசை, நாய் ஊளை, நடுநிசி என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற மே மாதத்தில். எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்லை. அன்று காய்ச்சலும் இல்லை. இங்கே எழுதியிருப்பதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது, மூக்கால் முகர்ந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பார்த்ததையாவது சில நாள் மறந்திருக்கிறேன். முகர்ந்ததை ஒருநாள்கூட மறக்க முடியவில்லை.

என் பெயர் அறிவுச்செல்வன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு லேப் வைத்திருக்கிறேன். ரத்தம், சிறுநீர், சளி, சாப்பிடும்போது சொல்லக் கூடாத மற்றதெல்லாம் காலையிலேயே என் மேஜைக்கு வந்துவிடும். அதில் எனக்கு அருவருப்பே கிடையாது. டப்பாவுக்கு மூடி இருக்கிறது, மேலே பெயர் ஒட்டியிருக்கிறது, அப்புறம் என்ன? ஆனால் ஹோட்டல் டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டேன். பஸ் கம்பியைத் தொட்டுவிட்டால் கழுவுகிறவரை அந்தக் கையை யாருடையதோ போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

"உங்களுக்குப் போயி பொண்ணு குடுத்தாங்க பாரு" என்று என் மனைவி மதிவதனி தலையில் அடித்துக்கொள்வாள்.

மதிக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் ஒரு குழந்தையை வயிற்றிலேயே இழந்திருந்தோம். அசைவு நின்றுபோனது எங்களுக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதனால் இந்த முறை வேலூர் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வாரா வாரம் வந்து காட்ட வேண்டும். குழந்தை உதைப்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அசைவு கம்மியாகத் தெரிந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. மதி தூக்கத்தில்கூட வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே இருப்பாள். பாதித் தூக்கத்தில் நானும் என் கையைக் கொண்டுபோய் வைப்பேன்.

வேலூர் போவதற்காகவே செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருந்தேன். இரண்டாவது பயணத்திலேயே கண்ணமங்கலம் பக்கத்தில் சூடு காட்டும் ஊசி சிவப்புக்கு ஏறி, பானெட்டிலிருந்து குப்பென்று புகை வந்தது. நடுரோட்டில், அந்த வெயிலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மதி நின்றதைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. மறுநாளே காரைச் செங்கம் ரோட்டில் உள்ள முருகையன் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன்.

முருகையன் வாயில் எப்போதும் பாக்கு இருக்கும். பேசினால் சிவப்புத் துளி தெறிக்கும். நான் இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவேன். அவர் குனிந்து ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தார். பழுப்பாக, கெட்டியாக, ஊசிப்போன புளிக்கரைசல் மாதிரி ஒன்று கொழகொழவென்று வந்தது. துருவும் சேறும் சேர்ந்த வாடை. நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"முன்னாடி வச்சிருந்த ஆளு கூலண்டே ஊத்தல சார். போர் தண்ணிய ஊத்தியே ஓட்டிருக்கான். உள்ள பாருங்க, உப்பு எப்டி பொறுக்கு கட்டிருக்குதுனு."

ஹோஸ் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, நல்ல தண்ணீர் வருகிறவரை கழுவினார். பிறகு என்னைப் பார்த்து, சர்பத் கடைக்காரர் போலக் கேட்டார்.

"பச்சை ஊத்தட்டா, ரோஸ் ஊத்தட்டா?"

காரோடு வந்த புத்தகத்தை நான் படித்து வைத்திருந்தேன். இந்த இன்ஜினின் சூட்டைத் தணிக்க ரோஸ் நிறக் கூலண்ட்தான் ஊற்ற வேண்டும். பச்சையோடு கலந்தால் திரிந்து கட்டியாகி, குழாயையே அடைத்துவிடும். ரோஸ்தான் வேண்டும் என்றேன். கடையில் கலந்து வைத்த ரகம் தீர்ந்திருந்தது. கெட்டியாக வரும் ரகம்தான் இருந்தது. அதைப் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும்.

"போர் தண்ணி வேணவே வேணாம். டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கலாம். இல்லாங்காட்டி ஏசி தண்ணி இருந்தா எடுத்துட்டு வாங்க சார். உப்பே இருக்காது. டிரைவருங்க எல்லாம் அதான் ஊத்துறாங்க."

அது உண்மைதான். எங்கள் ஊரில் லாட்ஜ்களின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஏசி குழாய்க்கும் கீழே ஒரு பாட்டில் இருக்கும். பௌர்ணமிக்கு வரும் வண்டிகளின் டிரைவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

நாங்கள் குடியிருந்தது வேங்கிக்காலில், ஒரு புது வீட்டின் மாடியில். கீழே வீட்டு ஓனர் சுப்பிரமணி. பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகை ஒன்று. அதன் சுவரிலிருந்து ஒரு சின்னக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே ஒரு நீலக் கேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். சரியாக அதற்கு மேலேதான் அவர் வீட்டு ஏசியின் பெட்டியும் மாட்டியிருந்தது.

"அண்ணே, இந்தக் கேன் தண்ணிய எடுத்துக்கட்டா? காருக்கு."

அவர் லாரியில் நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேனோட தூக்கிட்டுப் போங்க தம்பி. கீழதான ஊத்துறோம்."

கேனைத் தூக்கியபோது இரண்டு விஷயம் எனக்குத் தோன்றியது. ஒன்று, அது ஜில்லென்று இருந்தது. வெயில் நேரே விழுகிற இடம், கேன் சுட்டிருக்க வேண்டும். இரண்டாவது, என் தொழில் புத்தி, மூடியைத் திறந்து முகர்ந்தேன். லேசாக ஒரு தித்திப்பு வாடை. வாடிப்போன பூவின் வாடை. பழைய கேன், முன்பு எதையாவது ஊற்றி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மேலே லேபிளும் இல்லை.

முருகையன் கலந்து ஊற்றினார். மூடியை இறுக்கினார். வேலை முடிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை வேலூர் கிளம்பினோம்.

ஊரைத் தாண்டும்போதே கவனித்தேன். ஊசி ஏறவே இல்லை. அடியிலேயே படுத்துக் கிடந்தது. போளூர் வந்தது. அப்போதும் அப்படியே. "பாத்தியா, என்னா வேலை செஞ்சிருக்கான் முருகையன்!" என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன். மதி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏசிய கம்மி பண்ணுங்க. குளிருது."

ஏசி போடவே இல்லை. அவளுக்குச் சளி பிடித்துவிடும் என்று நான் காலையிலிருந்தே அணைத்துத்தான் வைத்திருந்தேன். ஜன்னலும் அரை அடி இறங்கியிருந்தது. ஆனால் என் முழங்காலிலும் அந்தக் குளிர் பட்டது. முன்பக்கத் துவாரத்திலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது.

கூடவே ஒரு வாடை. சாமந்தி மாலை, மலிவான சென்ட், அணைந்த ஊதுபத்தி... அடியில் இன்னொன்று. லேபில் அதைவிட மோசமானதை எல்லாம் முகர்ந்திருக்கிறேன். ஆனால் அங்கே என் மூக்கில் மாஸ்க் இருக்கும். இங்கே அது தொண்டைவரை இறங்கி, நாக்கில் எண்ணெய்போல ஒட்டிக்கொண்டது.

"மூக்குல பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருக்குதுங்க" என்றாள் மதி.

டாக்டரம்மா பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். குழந்தையின் இதயத் துடிப்பை எங்களுக்கும் கேட்கவைத்தார். வெளியே வந்து மோர் வாங்கிக் குடித்தோம். வாடை, குளிர் எல்லாம் மனப்பிரமை என்று முடிவு செய்து காரில் ஏறினேன். மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற கார் அது. ஸ்டியரிங்கைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன்.

சுட்டதால் அல்ல. சில்லென்று, ஈரமாக இருந்தது.

கண்ணமங்கலம் தாண்டியதும் மதி சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டாள்.

"கால் ரெண்டும் மரத்துப்போச்சு. கட்டை விரலப் பிரிக்க வரல."

"ஒரே மாதிரி உக்காந்திருந்தா அப்டித்தான். அசச்சுக் குடு."

"வாயில என்னமோ... பச்சரிசி மென்ன மாதிரி..."

அவள் உள்ளங்கையில் துப்பினாள். எச்சிலோடு ஒரு பச்சரிசி. நன்றாக ஊறி, வெளுத்து, உப்பியிருந்தது. காலையில் அவள் சாப்பிட்டது இரண்டு இட்லி. ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டினேன். அதை வாங்குவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். அப்படி ஒரு நொடியில் யாரும் தூங்க மாட்டார்கள்.

பானெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. களக்... களக்... பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கி நடப்பதுபோல.

கண்ணாடிகள் மங்கின.

முதலில் பின்பக்கம். பிறகு என் பக்கம். பிறகு அவள் பக்கம். வெளியே சாலையில் தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே என் மூச்சு புகையாக வந்தது. ஜன்னலை இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை.

"மதி. குழந்தை உதைக்குதா?"

அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மதி, கடைசியா எப்ப உதைச்சுது?"

அவள் உதடு அசைந்தது. கண் திறக்கவில்லை.

"குளிருது... தொறங்கடா..."

திருமணமாகி ஐந்து வருஷத்தில் மதி என்னை ஒருமுறைகூட 'டா' போட்டதில்லை. அது அவள் குரலும் இல்லை. வயசான குரல். ஒரு பக்கமாகக் குழறுகிற குரல்.

"தொறங்கடா... யப்பா... நான் உள்ளதான் கீறேன்டா..."

தட்.

ஸ்டியரிங் என் கையில் ஆடியது.

தட்... தட்...

போளூர் எல்லையில் ஒரு புளிய மரத்தடியில் காரை நிறுத்தினேன். குதித்து இறங்கி அவள் பக்கம் ஓடினேன்.

வெளியிலிருந்து பார்த்தேன். மங்கிய கண்ணாடியில், சரியாக மதியின் முகத்துக்கு நேரே, வட்டமாகத் துடைத்திருந்தது. சுற்றிலும் உள்ளங்கை அச்சுகள். வட்டத்துக்குள்ளே அவள் முகம். கண் மூடியிருந்தது. உதடு வெளிறி இருந்தது.

இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்... சாவு வீட்டில். கண்ணாடிப் பெட்டி மங்கிவிட்டால் முகம் பார்க்க வருகிறவர்கள் இப்படித்தான் துடைப்பார்கள்.

வெறிபிடித்தவன்போல என் சட்டை முனையால் அந்தக் கண்ணாடியைத் தேய்த்தேன்.

கண்ணாடி சுட்டது. காய்ந்திருந்தது.

கை அச்சுகள் போகவில்லை.

அவை உள்பக்கம் இருந்தன.

மதியின் ஒரு கை வயிற்றின் மேல். மறு கை மடியில், ஊறின அரிசியோடு. இரண்டும் அசையவில்லை.

என் கண்ணெதிரே இன்னொரு அச்சு விழுந்தது.

தட்.

கதவை இழுத்தேன். வரவில்லை. ஒரு காலை வண்டியில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தேன். படாரென்று திறந்தது. உள்ளிருந்து வந்த குளிர் காற்று முகத்தில் அறைந்தது. அந்த வாடை! ரோட்டோரமே வாந்தி எடுத்தேன். எடுத்துக்கொண்டே மதியை இழுத்து வெளியே கொண்டுவந்தேன்.

வெயிலில் உட்கார வைத்தேன். சுடுகிற மண்ணில். பாதங்களைத் தேய்த்தேன். ஒட்டிக் கிடந்த கட்டை விரல்கள் மெல்லப் பிரிந்தன. வயிற்றில் கை வைத்தேன். ஒன்றும் இல்லை. காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. அண்ணாமலையாரே, இன்னொரு முறை வேண்டாம், இன்னொரு முறை வேண்டாம்... வாய்விட்டே கத்தினேன்.

உதைத்தது.

சின்னதாக. பிறகு ஓங்கி.

மதி கண் விழித்தாள். "ஏங்க என்னைப் போயி வெயில்ல உக்கார வச்சிருக்கீங்க?" என்றாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. நான் அழுததைப் பார்த்து அவளும் அழுதாள், ஏன் என்று தெரியாமலே.

மதியின் தங்கை பூஜாவுக்குப் போளூரில்தான் வீடு. ஆட்டோவோடு வரச் சொல்லி மதியை அனுப்பிவைத்தேன். கார் கதவுகள் இப்போது ஒழுங்காகத் திறந்தன. நான்கு ஜன்னலையும் இறக்கி, தலையை வெளியே நீட்டியபடி நேரே முருகையன் ஷெட்டுக்கு ஓட்டினேன். ஊசி அப்போதும் ஏறவில்லை.

"எல்லாத்தையும் வெளியேத்துங்க. ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

"போன வாரம்தான சார் ஊத்துனோம்?"

அடித் திருகைத் திறந்தார். ரோஸாக வர வேண்டும். வரவில்லை. கழுநீர் நிறத்தில், வழுவழுவென்று வந்தது. வேலூரிலிருந்து எண்பது கிலோமீட்டர் ஓடிய இன்ஜின், தண்ணீர் கொதித்திருக்க வேண்டும். முருகையன் கையை உதறினார்.

"இன்னா சார் ஐஸ் மாதிரி கீது?"

தண்ணீர் நின்றது. ஏதோ அடைத்திருந்தது. கம்பியை விட்டு நோண்டினார். ஊறிய அரிசி வந்தது. பிறகு பஞ்சு, சாறு இறங்கிக் கறுத்துப்போன பஞ்சு. பிறகு அழுகின சாமந்தி இதழ்கள். கடைசியில் கம்பியின் நுனியில் ஒரு நரைமுடி. இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது... முருகையன் கம்பியைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய்ப் பாக்கோடு சேர்த்து வாந்தி எடுத்தார். அன்று அவர்மேல் எனக்கு அருவருப்பு வரவில்லை. அருவருப்பு முழுவதும் தண்ணீர் பிடிக்க அவர் அடியில் வைத்திருந்த தொட்டியில் இருந்தது.

"ரேடியேட்டர் ஓட்டையில ஈ பூர முடியாது சார். இதெல்லாம் எப்டி உள்ள போச்சு?"

மேல் மூடியைத் திறந்து ஹோஸைச் சொருகினோம். ஹீட்டர் குழாயில் நிற்பதும் வெளியேற வேண்டும் என்று ஹீட்டரையும் போடச் சொன்னார். போட்டேன். துவாரங்களிலிருந்து குப்பென்று வாடை. ஷெட்டில் நிறுத்தியபோது நான் ஏற்றிவிட்டிருந்த கார் கண்ணாடி நான்கும் ஒரே நேரத்தில் மங்கின.

தட். தட். தட்.

முருகையன் நிமிர்ந்தார்.

"உள்ள யாரு சார்?"

"யாரும் இல்லை."

தட்... தட்...

நாங்கள் இருவரும் அசையவில்லை. ஹோஸ் மட்டும் ஓடியது. கலங்கல் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் வெளுக்க வெளுக்கத் தட்டல் மெதுவானது.

தட்...

நீண்ட நேரம் கழித்து, மெல்ல...

தட்.

அவ்வளவுதான்.

கண்ணாடி தெளிந்தது. ஊசி முதல்முறையாக ஏறி நடுவில் வந்து நின்றது. வெளியே சாக்கடையில் கடைசிக் கலங்கல் இறங்குவதைப் பார்த்தேன். "தூ" என்று அதன் மேலேயே காறித் துப்பினேன். அப்போது அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் சுப்பிரமணியைப் பிடித்தேன். அவர் கொட்டகைக் கதவைத் திறந்தே காட்டினார். உள்ளே நீளமாக, கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டி. அதிலிருந்துதான் அந்தக் குழாய்.

"சாவு வூட்டுக்குப் போற பொட்டி தம்பி. வந்து நிறுத்துனா உள்ள ஐஸ் உருகி ஊத்தும். அதுல இன்னா, ஐஸ் தண்ணிதான? உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"நான் கேன் எடுக்குறதுக்கு முன்னாடி கடைசியா யார் வீட்டுக்குப் போச்சு?"

"அடி அண்ணாமலையில ஒரு அம்மா, ரேணுகாம்பாள்னு. பசங்க ரெண்டு பேரும் வெளியூரு. வர்ற வரைக்கும் வச்சிருந்தாங்க."

அன்று நான்கு முறை குளித்தேன். வாடை போகவில்லை.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறாள். காரை விற்றுவிட்டேன். அந்த வீட்டையும் காலி செய்தோம். சாமான் ஏற்ற உதவிக்கு வந்தவர் திருமலை, சுப்பிரமணியிடம் பெட்டி கொண்டுபோய் வைத்து எடுத்துவருகிறவர். டீ குடிக்கும்போது அடி அண்ணாமலை அம்மாவைப் பற்றி நானாகத்தான் கேட்டேன்.

"அதுவா சார்... அவங்களுக்கு முன்னாடியே பக்கவாதம். வலது கை, வலது கால் வெளங்காது. வாயும் கொழறும். ஒரு நாள் காலையில எழுப்புனா எந்திரிக்கல, உடம்பு சில்லுனு இருக்குதுனு பொட்டி கேட்டாங்க. ரெண்டு நாள் வச்சிருந்தாங்க. நாந்தான் திருப்பி எடுத்துட்டு வந்து கழுவுனேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கண்ணாடிக்கு உள்பக்கமா கை கையா இருந்துச்சு சார். மூஞ்சிக்கு நேரா வட்டமா தொடச்சிருந்துச்சு. மாலை போடச்சே யாராச்சும் கை வச்சிருப்பாங்கனு நானே சொல்லிக்கினேன். கழுவி உட்டுட்டேன். ஆனா எல்லாமே இடது கை சார். ஒண்ணுகூட வலது கை இல்ல."

எனக்கு ஷெட்டில் கேட்ட அந்தக் கடைசித் தட்டல் காதில் விழுந்தது. அதன் பிறகு நான் துப்பியதும்.

அன்று புளிய மரத்தடியில் மதி பக்கத்துக் கண்ணாடியில் நான் பார்த்த அச்சுகளும் இடது கைதான். எல்லாமே. அதை நான் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. முருகையனிடம் இல்லை. மதியிடமும் இல்லை.